முந்தானைக்குள் மூன்று தலைமுறை

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஓர் ஐப்பசிக் காலையில், மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் காத்திருப்புக் கூடத்தில் என் தங்கைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். எதிரே மேஜையில் இருந்த செவிலிப் பெண் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, பெயரையும் வயதையும் இது எத்தனையாவது பிரசவம் என்பதையும் உரக்கப் படித்துக் கர்ப்பிணிகளை அழைத்துக்கொண்டிருந்தார். 22, 25, 24 என்று வந்துகொண்டிருந்த அந்த வரிசையில் தங்கையின் பெயர் வந்தது. பெயரைத் தொடர்ந்து, "நாப்பத்தொண்ணு, முதல் பிரசவம்" என்ற சொற்களும் வந்தன. கூடத்தில் இருந்த தலைகள் மெல்லத் திரும்பின. அவள் எழுந்து நடந்தபோது புடவைத் தலைப்பை இழுத்து வயிற்றின்மேல் போர்த்திக்கொண்டாள். பதினாறு வாரம்கூட நிறையாத அந்த வயிற்றில் மறைப்பதற்கு ஏதும் வெளியே தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவள், மூலையில் சிவப்பு மையால் குறியிட்ட அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அக்கா, நான் ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

அந்தச் சிவப்புக் குறியை நான் குறை சொல்லமாட்டேன். கவனம் அதிகமாக வேண்டிய தாய் இவள் என்று மருத்துவருக்கு நினைவூட்டவே அந்தக் குறி இருக்கிறது. ஆனால் மருத்துவருக்கு நினைவூட்டலாக உள்ள ஒன்று, கூடத்தில் உரக்க வாசிக்கப்படும்போது அந்தப் பெண்ணுக்குக் குற்றப்பத்திரிகையாக மாறிவிடுகிறது. அன்று மாலை வீட்டில் நடந்ததைச் சொன்னபோது, 74 வயதான எங்கள் தாய் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பாட்டி என்னை மறைச்சு மறைச்சுச் சுமந்தாங்க. நீ மறைக்காதேம்மா" என்றாள். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒரு சரித்திரம் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருந்தது.

என் பாட்டி 1907-ல் பிறந்தவள். 12 வயதில் விவாகம் ஆகி, 17 வயதில் தலைப்பிரசவம் கண்டு, அதன்பின் இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை தூளி கட்டிக்கொண்டேயிருந்த அந்தக் காவிரிக்கரை வீட்டில், அவள் ஒன்பதாவது முறையாகக் கருவுற்றபோது அவளுக்கு வயது 43. அதே சமயத்தில் அவளுடைய மூத்த மகள், என் பெரியம்மா, தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். மகளின் கைகளில் வளையல் அடுக்கி மகிழவேண்டிய தாய், தானும் ஏழு மாதம் சுமந்து நின்றாள். மருமகன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது என்று கொல்லைப்புறம் போய்விடுவாளாம். அவர் எதிரே போகவேண்டிய அவசியம் நேர்ந்தால், அகன்ற முந்தானையைச் சுற்றிச் செருகி, தண்ணீர்க் குடத்தை அணைத்தபடி நடப்பாளாம். ஒரே மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு பிரசவங்கள் நடந்தன. ஒரே விட்டத்தில் இரண்டு தூளிகள் தொங்கின. பெரியம்மாவுக்குப் பால் போதாத நாட்களில் பாட்டியே பேரனையும் மடியில் எடுத்துப் பாலூட்டினாள். அந்த இரண்டு தூளிகளில் ஒன்றில் கிடந்த சிசுதான் என் தாய்.

வயது முதிர்ந்து கருவுறுவது இந்தக் காலத்துப் படித்த பெண்கள் கண்டுபிடித்த நூதன வழக்கம் என்று பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம், அந்த இரண்டு தூளிகள் என் மனக்கண்ணில் ஆடுகின்றன. நாற்பதைக் கடந்த வயிறு நம் வீடுகளுக்குப் புதிதன்று; கடைக்குட்டிகள் பலரும் அப்படிப் பிறந்தவர்களே. நாற்பதில் முதல் குழந்தை என்பதுதான் புதிது. ஒன்பதாவது குழந்தையை 43-ல் பெற்றவளுக்குச் சமூகம் வெட்கத்தைக் கொடுத்தது. முதல் குழந்தையை 41-ல் பெறுகிறவளுக்குப் பழியைக் கொடுக்கிறது. முன்னவளிடம் "இந்த வயதிலுமா?" என்று கேட்ட அதே குரல், பின்னவளிடம் "இந்த வயதிலா?" என்று கேட்கிறது. இரண்டு கேள்விகளுக்கும் நடுவில், அந்தத் தாயின் சரீரம் எப்படி இருக்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்ற கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். நான் இங்கே சிந்திக்க விரும்புவது அந்த மறந்த கேள்வியைப் பற்றியே.

'தாமதம்' என்ற சொல்லே காலத்துக்குக் காலம் இடம் பெயர்ந்து வந்திருக்கிறது. பெண்ணின் விவாக வயது 14-க்குக் குறையலாகாது என்று 1929-ல் சாரதா சட்டம் வந்தபோது, அந்தப் பதினான்கையே பிந்திய வயது என்று கருதிக் கொதித்தெழுந்தவர்கள் உண்டு. மருத்துவ சாஸ்திரம் தனக்கென்று ஒரு கோட்டைக் கிழித்தது 1958-ல். மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு, 35 வயதிலோ அதற்குப் பின்போ முதன்முறையாகக் கருவுறும் பெண்ணை, 'முதிய தலைச்சூலி' என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய ஒரு தொடரால் அவ்வாண்டு குறித்தது. அதற்குப் பின், கர்ப்பப்பையில் ஊசி செலுத்திப் பனிக்குடத்து நீரை எடுத்துச் சோதிக்கும் முறை பரவியபோது அந்தக் கோடு இன்னும் அழுத்தமாயிற்று. ஊசியினால் கரு கலையக்கூடிய அபாயமும், சிசுவுக்குக் குரோமோசோம் கோளாறு இருக்கக்கூடிய வாய்ப்பும் ஏறத்தாழச் சமமாக நிற்கும் வயது 35 என்று அன்றைய மருத்துவர்கள் கணக்கிட்டதே அதற்குக் காரணம். ஆகவே அந்த எண் இயற்கை எழுதிய எல்லைக்கல் அன்று. அபாயங்களைத் தராசில் நிறுத்த மனிதர் தம் வசதிக்காக வைத்துக்கொண்ட படிக்கல். 34-ன் கடைசி இரவில் இளமையாயிருந்த சரீரம், 35-ன் முதல் காலையில் முதுமை எய்திவிடுவதில்லை. சரீரம் படிப்படியாகவே மாறுகிறது. முப்பதுகளின் தொடக்கத்தில் மெல்லவும், 37-ஐ ஒட்டிச் சற்று விரைவாகவும், நாற்பதுக்குப் பின் இன்னும் விரைவாகவும்.

அந்த மாற்றத்தின் ஆதாரமான இடம் கருமுட்டை. பெண் சிசு தாயின் கர்ப்பத்தில் ஐந்து மாதம் நிறையும் சமயத்தில், அதன் சிற்றுடம்புக்குள் 60 முதல் 70 லட்சம் வரை கருமுட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை பத்து அல்லது இருபது லட்சமாகக் குறைந்துவிடுகின்றன. பூப்பெய்தும் காலத்தில் மூன்று நான்கு லட்சமே எஞ்சுகின்றன. அவற்றிலும் ஆயுள் முழுவதிலுமாக முதிர்ந்து வெளிவருவது நானூறோ ஐந்நூறோதான். இதை முதன்முதலில் படித்தறிந்த நாளில், புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை எந்தக் கருமுட்டையிலிருந்து பிறந்தாளோ அந்த முட்டை, எங்கள் தாய் பிறப்பதற்கு முன்பே, 1950-ல் எங்கள் பாட்டியின் வயிற்றில் எங்கள் தாய் சிசுவாகக் கிடந்தபோதே உருவாகிவிட்டது. மருமகன் கண்ணில் படலாகாது என்று பாட்டி முந்தானையால் போர்த்தி மறைத்தாளே அந்த வயிறு, அதற்குள் அவளுடைய மகள் மட்டும் இருக்கவில்லை. 33 வருஷங்களுக்குப் பின் பிறக்கப்போகிற பேத்தியின் வித்தும் அங்கேயே இருந்தது. பாட்டியின் வெட்கம் தான் அறியாமலே மூன்று தலைமுறைகளை ஒரு முந்தானைக்குள் மூடியிருந்தது.

இப்படி உருவான முட்டை, குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும் தன் வேலையைத் தொடங்கிய நிலையிலேயே நிறுத்திவிட்டு, தன் முறை வரும்வரை உறங்குகிறது. அந்த உறக்கம் 15 வருஷமும் நீடிக்கலாம். 45 வருஷமும் நீடிக்கலாம். ஜோடியான குரோமோசோம்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் கட்டுகள், அந்த நெடுங்காலத்தில், பெட்டியில் மடித்து வைத்த பட்டின் இழைகளைப்போல் மெல்ல நைந்துபோகின்றன. விழித்தெழுந்து பிரியவேண்டிய கணத்தில் சில சமயம் பங்கீடு பிசகி, ஒரு குரோமோசோம் கூடியோ குறைந்தோ போகிறது. டவுன் நிலை எனப்படும் பிறவி நிலைக்குத் தாயின் வயதோடுதான் சம்பந்தம், தந்தையின் வயதோடோ பிறப்பின் வரிசையோடோ அன்று என்று லயனல் பென்ரோஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1933-ல் கணக்கிட்டுக் காட்டினார். அந்த நிலை உள்ளவர்களிடம் 21-ஆம் குரோமோசோம் ஒன்று மிகுதியாக இருக்கிறது என்பது 1959-ல் பாரிஸில் வெளியாயிற்று. தாய்க்கு 25 வயதானால் ஏறத்தாழ 1,250 பிறப்புகளில் ஒன்று; 35 ஆனால் 350-ல் ஒன்று; 40 ஆனால் நூற்றில் ஒன்று; 45 ஆனால் முப்பதில் ஒன்று என்பது இன்றைய கணக்கு. இந்தக் கணக்கை மறைப்பது தாய்க்குச் செய்யும் துரோகம். அதன் ஒரு பாதியை மட்டும் சொல்வதும் துரோகமே. நூற்றில் ஒன்று என்று சொல்லும் வாய், மற்றத் தொண்ணூற்றொன்பதையும் அதே குரலில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அந்த ஒன்றாகப் பிறக்கும் குழந்தையும், அன்பு செய்யவும் அன்பு பெறவும் முழு உரிமையோடு வரும் குழந்தைதான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இதைக் காட்டிலும் அதிகமாக நேர்வதும், இதைக் காட்டிலும் குறைவாகப் பேசப்படுவதும் கரு கலைதல். இருபதுகளில் ஆறு ஏழு கர்ப்பங்களில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோ கலைகிறதென்றால், நாற்பதுக்குப் பின் மூன்றில் ஒன்றோ அதற்கு மேலுமோ கலைகிறது. 45-க்குப் பின் பாதிக்கு மேல். பெரும்பாலும் அதற்குக் காரணம் முன்சொன்ன பங்கீட்டுப் பிசகே அன்றி, அந்தப் பெண் மாடிப்படி ஏறியதோ, பப்பாளித் துண்டு ஒன்றைத் தின்றதோ, அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனதோ அன்று. என் தங்கைக்கு இதற்கு முந்திய வருஷம் ஒன்பதாவது வாரத்தில் ஒன்று கலைந்தது. விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான். பிறந்து இறந்த குழந்தைக்கு அழ ஊர் கூடுகிறது. பிறக்காமலே போனதற்கு அழ ஒரு சடங்கும் நம் சம்பிரதாயத்தில் இல்லை. அவள் மூன்றாம் நாள் வேலைக்குப் போனாள். வயது முதிர்ந்த கர்ப்பிணியின் முகத்தில் நாம் காணும் அந்த அடங்கிய மௌனத்துக்குப் பின்னால், இப்படி எண்ணிக்கையில் சேராத ஒரு துக்கம் பல சமயம் இருக்கிறது. இதை அறிந்தவர்கள் அவளிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

ஆனால் வயது கொண்டுவருவதெல்லாம் விதி என்று கைகட்டி நிற்கவேண்டியதில்லை. இந்த விஷயத்தில் அறிவு செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் மண்ணிலேயே பிறந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, ஹாஃப்கின் நிலையத்தில் இருந்தபடி, கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் எதை உண்டார்கள், எதை உண்ண முடியவில்லை என்பதைக் கவனித்தார். குன்னூரிலும் சில மாதம் ஆராய்ச்சி செய்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் ஜனங்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனையிலும் சிலகாலம் வேலை பார்த்தார். ரொட்டிக்குத் தடவும் மலிவான ஈஸ்ட் சாறு ஒன்று அந்தச் சோகையைத் தீர்ப்பதை அவர் 1931-ல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் ஒளிந்திருந்த சத்துதான் பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. என் பாட்டி ஒன்பதாவது கர்ப்பத்தில் வெளுத்துப்போய், படி ஏறினால் மூச்சு வாங்க, அடுப்படியில் சாம்பலைக் கிள்ளித் தின்றாள் என்று பெரியம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை எவரும் வியாதி என்று நினைக்கவில்லை, 'அசதி' என்றே சொன்னார்கள். அந்த 1950-ல் அவளுடைய அசதிக்குப் பெயரும் மருந்தும் உலகத்தில் இருந்தன. எங்கள் கிராமத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே.

அந்த ஃபோலிக் அமிலத்துக்கு இன்னொரு மகத்தான காரியமும் உண்டு. சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் சிறு குழல், கரு தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடுவதற்கு இந்தச் சத்து வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போய், சந்தேகம் எழுந்து, பரிசோதித்து உறுதி செய்யும் நேரத்துக்குள் அந்தக் காரியம் அநேகமாக முடிந்தே போகிறது. ஆகவே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவுள்ள அந்தச் சிறு மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்பேனும், கூடுமானால் மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கவேண்டும். சர்க்கரை முதலிய சில நோய்கள் உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவைக் கூட்டிக் கொடுப்பார். பிந்திய வயதில் தாயாக விரும்புகிறவளுக்கு உள்ள ஒரு பேறு இங்கேதான் இருக்கிறது. இளம் பெண்ணுக்குக் கர்ப்பம் பெரும்பாலும் நேர்ந்துவிடுகிறது. இவளோ அதைச் சங்கல்பம் செய்துகொள்கிறாள். சங்கல்பம் செய்கிறவளுக்கு முன்னேற்பாட்டுக்கு அவகாசம் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ரத்தத்தின் வளம், சரீரத்தின் எடை ஆகியவற்றைக் கரு தங்குவதற்கு முன்பே பார்த்துச் சீர்செய்துகொள்வது, விதைப்பதற்கு முன் வயலை உழுது வரப்பு கட்டுவதைப் போன்றது.

கர்ப்பம் நிலைத்த பின் வயது கேட்கும் வரி வேறு. நஞ்சுக்கொடி சுரக்கும் சில ரசங்கள் தாயின் உடம்பில் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கின்றன. இளம் உடம்பு அதை எளிதில் ஈடுகட்டிவிடுகிறது, முதிர்ந்த உடம்புக்குச் சிரமமாகிறது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமைத் தொடுகிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நடக்கிறது. இதற்காகச் சென்னையில் வாழ்நாளெல்லாம் உழைத்த டாக்டர் வி. சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு பற்றிய விழிப்புணர்வு நாளாக நாட்டில் அனுசரிக்கப்படுகிறது. சர்க்கரையைவிட ஓசையின்றி வருவது ரத்த அழுத்தம். இருபது வாரத்துக்குப் பின் 140-க்கு 90 என்ற அளவை அது எட்டினாலும், தலைவலி விடாமல் இருந்தாலும், பார்வை மங்கினாலும், மேல்வயிறு வலித்தாலும், முகம் திடீரென்று வீங்கினாலும், 'எல்லாக் கர்ப்பிணிக்கும் இப்படித்தான்' என்ற சமாதானத்தை நம்பி உட்கார்ந்திருக்கலாகாது. நாற்பதைக் கடந்த தலைச்சூலிகளுக்கு 12-வது வாரம் முதலே சிறு அளவில் ஆஸ்பிரின் கொடுத்து இந்த அபாயத்தைக் குறைக்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. அதை மருத்துவர் சொன்னால் கொள்ளவேண்டுமே தவிர, தானாகக் கடையில் வாங்கி விழுங்கலாகாது. 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன், தாயின் ரத்தத்திலிருந்தே சிசுவின் குரோமோசோம்களை ஊகித்தறியும் பரிசோதனை ஆகியவை வந்துவிட்டதால், அந்தப் பழைய ஊசி இன்று சிலருக்கே தேவைப்படுகிறது. நாற்பதைத் தாண்டிய தாய்க்கு 39 வாரங்களில் சிசு கர்ப்பத்திலேயே இறக்கும் அபாயம், இருபதுகளின் நடுவில் இருப்பவளுக்கு 41 வாரங்களில் உள்ள அபாயத்துக்கு ஏறக்குறையச் சமம். ஆகையால்தான் மருத்துவர்கள் அவளைக் குறித்த தேதியைத் தாண்டிக் காத்திருக்க விடுவதில்லை.

இவ்வளவையும் அடுக்கிச் சொன்னால் படிக்கிறவர்களுக்கு அச்சம் உண்டாகலாம். எனக்கும் உண்டாயிற்று. தங்கையோடு ஒவ்வொரு பரிசோதனைக்கும் போய்வந்த அந்த மாதங்களில் நான் கற்றது, அச்சமும் ஜாக்கிரதையும் வேறு வேறு என்பதே. அச்சம் இரவெல்லாம் விழித்திருக்கச் செய்து, காலையில் செய்யவேண்டியதை மறக்கச் செய்கிறது. ஜாக்கிரதை, செய்யவேண்டியதைச் செய்துவிட்டு உறங்கப் போகிறது. 26-வது வாரத்தில் அவளுக்குச் சர்க்கரை தென்பட்டபோது முதல்நாள் அழுதாள். மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இட்லி எத்தனை, சுண்டல் எவ்வளவு, நடந்தது எத்தனை நிமிஷம், விரல் நுனியில் குத்திப் பார்த்த எண் என்ன என்று கோடு போட்டு எழுதத் தொடங்கினாள். அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் கணக்கு எழுதிய கை அது. அந்த நோட்டைக் கண்ட மருத்துவர், இளம் வயதுத் தாய்மாரில் இவ்வளவு ஒழுங்கைத் தாம் காண்பது அரிது என்றார். வயது எடுத்துக்கொண்டதற்கு ஈடாகக் கொடுத்தும் இருக்கிறது என்று அன்று நினைத்தேன்.

இரண்டு விஷயங்களை இங்கே விரைவாகவேனும் சொல்லாமல் போனால் நியாயமாகாது. ஒன்று, அந்தக் கூடத்தில் எவரும் என் தங்கையின் கணவருடைய வயதைக் கேட்கவில்லை. ஐஸ்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, தந்தையின் வயது ஒவ்வொன்று கூடும்போதும் குழந்தைக்குச் செல்லும் புதிய மரபுப் பிறழ்ச்சிகள் ஏறத்தாழ இரண்டு கூடுவதாகக் காட்டியது. காலம் இருவர் மேலும் ஓடுகிறது. கணக்கை ஒருத்தியிடம் மட்டும் கேட்கிறோம். மற்றொன்று, ஐம்பதை நெருங்கிய பிரபலங்கள் தாயானதாகப் பத்திரிகைகளில் வரும் செய்திகள். 45-க்குப் பின் நிகழும் இத்தகைய கர்ப்பங்களில் பல, இளம் பெண் ஒருத்தி தானமாகக் கொடுத்த கருமுட்டையாலோ, முன்னமே எடுத்து உறைய வைத்த முட்டையாலோ ஆனவை. அதில் இழுக்கு ஒன்றும் இல்லை; ஆனால் அந்த உண்மையைச் சொல்லாமல் படத்தை மட்டும் போடும்போது, இன்னும் நாள் இருக்கிறது என்று எங்கோ ஒருத்தி ஏமாந்து காத்திருக்கிறாள். நம் நாட்டில் 2021-ல் இயற்றிய சட்டம் இத்தகைய சிகிச்சைக்குப் பெண்ணுக்கு ஐம்பதும் ஆணுக்கு ஐம்பத்தைந்தும் மேல் எல்லையாக வைத்திருக்கிறது.

இத்தனை சாதனங்களும் இருந்தும், பிந்திய தாய்மைக்குரிய ஒரு குறையை எந்தப் பரிசோதனையும் தீர்க்கவில்லை. தாய் பிந்தினால் தாயின் தாயும் முதிர்ந்துவிடுகிறாள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். அந்த வழக்கத்தின் உள்ளுறை, வலி கண்டு பயப்படும் ஒருத்தியின் பக்கத்தில் வலி கண்டு மீண்ட ஒருத்தி இருக்கவேண்டும் என்பதே. எங்கள் தாய்க்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. நாற்காலியிலிருந்து எழவே கை கொடுக்கவேண்டும். திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையின் சன்னிதியிலிருந்து விளக்கெண்ணெய்ப் பிரசாதம் வரவழைத்து வைத்துக்கொண்டு, அதைத் தன் கையால் மகளின் வயிற்றில் தடவ முடிந்த அளவில் அவள் திருப்தி அடைந்தாள்.

அந்த நாட்களில் திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை அடிக்கடி என் நினைவில் வந்தது. கணவன் ஊரில் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்தாள் செட்டிப்பெண் இரத்தினாவதி. துணைக்கு வரப் புறப்பட்ட தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. வலி எடுத்த வேளையில் ஈசனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து, பேறு பார்த்து, மருந்து கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டிப் பேணிக்கொண்டிருந்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து வாசலில் நின்றபோதுதான், உள்ளே இருந்தவள் யார் என்பது தெரிந்தது. சுகப்பிரசவம் வேண்டி அந்தச் சன்னிதிக்கு இன்றும் வாழைத்தார் சமர்ப்பிக்கிறார்கள். சிறுவயதில் இதைத் தெய்வத்தின் லீலை என்று மட்டும் கேட்டேன். இப்போது வேறு விதமாகவும் கேட்கிறது. எங்கள் வீட்டில் தாயைத் தடுத்து நிறுத்திய வெள்ளம் வயது. அது வடியும் வெள்ளம் அன்று. வடியாத வெள்ளத்துக்கு இக்கரையில் இருக்கும் எவராவது தாயாக வந்தாக வேண்டும். 41 வயதில் கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவமும் மருந்தும் வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அவற்றைக் காட்டிலும் குறையாத அவசியத்தோடு, வெட்கமும் பழியும் இல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய ஜாக்கிரதையைத் தங்களுடையதாக ஏற்றுக்கொள்ளும் சில மனிதர்கள் வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. கணவரோ, மாமியாரோ, அக்காவோ, அடுத்த வீட்டுப் பெண்ணோ, பெயரை மெல்ல அழைக்கத் தெரிந்த ஒரு செவிலியோ, யாராயிருந்தாலும் சரி. அந்தக் கணத்தில் அவர் தாயும் ஆனவர்.

முப்பத்தொன்பதாவது வாரத்தின் தொடக்கத்தில், இரவு முழுதும் வலிக்கு முயன்று, விடியற்காலையில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண், இரண்டு கிலோ தொள்ளாயிரம். சிவப்புக் குறியிட்ட அட்டையின் பின்பக்கத்தில் அந்த எடையை எழுதிய செவிலி, என் தங்கையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

பொக்கிள்கொடி உதிர்ந்து, தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்ட நாள் பார்த்த அன்று, குளியலறை வாசலில் நாற்காலி போட்டு எங்கள் தாயை உட்கார வைத்தோம். தன் இரண்டு மகள்களையும், பேரப் பிள்ளைகள் நால்வரையும் கால்நீட்டிக் குளிப்பாட்டியவள் அவள். கொஞ்ச நேரம் தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னால தரையில உட்கார முடியலை. நீ காலை நீட்டு" என்றாள். ஐம்பது வயதில் முதன்முறையாக நான் மணைப்பலகையில் அமர்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கி, இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டினேன். தங்கை குழந்தையைக் கொண்டுவந்து என் கால்களின்மேல் கிடத்தினாள். எலுமிச்சம்பழம் போன்ற அந்த வயிற்றில் எண்ணெய் தடவியபோது, அதற்குள் இப்போதே பத்து லட்சத்துக்கு மேல் வித்துக்கள் உறங்குகின்றன, அவற்றில் ஏதேனும் ஒன்று எந்த வருஷம் எந்த வயதில் விழித்துக்கொள்ளப்போகிறதோ என்ற நினைவு வந்து கை ஒரு கணம் நின்றது. தாய் நாற்காலியிலிருந்து குனிந்து, விளாவிய நீரில் தன் புறங்கையை நனைத்துப் பார்த்தாள். "சூடு சரியா இருக்கு, ஊத்து" என்றாள்.